வடிவுக்கு வயிற்றுவலி இல்லை

நவம்பர் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. குழாயடியில் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். பிரஷர் மாத்திரை போட்டேன். பால்காரர் மறுபடியும் இரண்டு பாக்கெட் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டால், "நீங்கதான டீச்சர் நேத்து ரெண்டு போடச் சொன்னிய" என்கிறார். நான் சொல்லாததைச் சொன்னதாகச் சாதிப்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

டிபன் ஆனதும் பக்கத்து வீட்டு வடிவு குடையும் இட்லிக் கொப்பரையுமாக வந்தாள். என்னுடைய கொப்பரைதான். என் மகன் நாயகத்துக்குக் கல்யாணமாவதற்கு முன்னால் இரவல் வாங்கிப் போனது. கேட்டுக் கேட்டு அலுத்து நான் வேறு வாங்கிவிட்டேன்.

"ஏளா, இன்னைக்கு என்ன திடீர்னு?"

"இருக்கட்டும் டீச்சரக்கா. உன் சாமான் உங்கிட்டயே இருக்கட்டும்."

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு மாத்திரை பிதுக்கும் நாள். வடிவுக்கு விரல் மூட்டெல்லாம் முடிச்சு விழுந்து வளைந்துவிட்டது. நாற்பது வருஷம் தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்த விரல்கள் இப்போது அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுக்க மாட்டேன் என்கின்றன. நரம்பு வலிக்கு ஒரு டாக்டர் ஒன்று எழுதியிருக்கிறார். தூக்கத்துக்கு இன்னொரு டாக்டர் இன்னொன்று. நான் எல்லாவற்றையும் பிதுக்கி அவளுடைய மூடி போட்ட சின்னச் சம்படத்தில் போட்டுக் கொடுப்பேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். "தடவிப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்பாள். காலி அட்டைகளைத் தூரப் போட விடமாட்டாள். "மருந்துக் கடையில பேர் காட்டணும்லா" என்று தலையணைக்கு அடியில் அடுக்கி வைத்துக்கொள்வாள்.

வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். தட்டு நிறையத் தின்றாள். பிரஷர் மாத்திரை போட்டுவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 5, புதன்

வடிவு போய்விட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதியாக வேண்டும். கோபம் ஆறுவதற்குள்.

நேற்றுக் காலையில் புஷ்பம் கத்திய கத்தலில்தான் ஓடினேன். தங்கபுஷ்பம் வடிவின் ஒரே மகள். ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு தாயும் மகளும்தான் அந்த வீட்டில். வடிவு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தொட்டதுமே தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புஷ்பமும் அவள் மாமாவும் கூடப் போனார்கள். சொந்தக்காரர்கள் வருவார்களே என்று நான் வீட்டில் இருந்துகொண்டு, கூட்டிப் பெருக்கி, எச்சில் தட்டு, தம்ளர், சம்படம் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன். கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மதியம் ஏட்டு பரமார்த்தலிங்கம் வந்தார். இந்த ஊரில் என்னிடம் படிக்காத போலீஸ்காரர் இவர் ஒருவர்தான். தலையணையைத் தூக்கினார். காலி அட்டைகள் கத்தையாக இருந்தன. "சரிதான்" என்றார். அந்த ஒரு சொல்லோடு அவர் விசாரணை முடிந்துவிட்டது.

இன்று காலையில் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்தேகப்படும்படியான சாவு என்றால் போலீஸ் விசாரித்து எழுதும் அறிக்கையில் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் பஞ்சாயத்தார் என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இங்குள்ள வழக்கம். ஐந்தாவது ஆள் நான். மற்ற நாலு பேரும் வாசிக்காமலே போட்டுவிட்டார்கள். டீக்கடை ராமையா நின்றுகொண்டே போட்டார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"இறந்துபோன வடிவம்மாள் கடந்த சில வருடங்களாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தவர் என்றும், வலி பொறுக்கமாட்டாமல் வாழ்க்கையில் வெறுப்புற்று, அளவுக்கு அதிகமான மாத்திரைகளைத் தின்று தற்கொலை செய்துகொண்டார் என்றும் பஞ்சாயத்தார் ஏகமனதாக அபிப்பிராயப்படுகிறோம்."

"யாருக்கு வயித்துவலி?" என்றேன்.

"இறந்தவங்களுக்குத்தான் டீச்சர்."

"அவளுக்கு விரல் வலி. முட்டு வலி. ஞாயித்துக்கிழமை என் வீட்டுல தட்டு நிறைய பஜ்ஜி தின்னா. வயித்துவலிக்காரி அப்படித் திம்பாளா?"

ஏட்டு என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டீச்சர், எல்லாருக்கும் வயித்துவலிதான் போடுவோம். முட்டுவலின்னு போட்டா, முட்டுவலிக்கு எவன் சாவான்னு மேல கேப்பாங்க. மனசு வெறுத்துன்னு மட்டும் போட்டா, ஏன் வெறுத்துச்சு, வீட்டுல என்ன சண்டைன்னு அந்தப் பிள்ளை மேல வரும். வயிறுன்னா வயித்தோட போச்சு. நான் நல்லதுதான் செய்யுதேன்."

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சல்.

அறிவியல் பரீட்சையில் வரும் கணக்குகளுக்குச் சில பிள்ளைகள் வழிமுறை எழுதாமல் கடைசியில் விடையை மட்டும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைப்பார்கள். சில சமயம் விடை சரியாகக்கூட இருக்கும். ஆனாலும் நான் மதிப்பெண் போட்டதில்லை. "எப்படி வந்தது?" என்று ஓரத்தில் எழுதுவேன். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது கை அந்தச் சிவப்புப் பேனாவைத்தான் தேடியது.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"நாலு போதும் டீச்சர். சம்மதப்பட்டவங்க போட்டாப் போதும்னு சட்டத்துலயே இருக்கு."

"அப்ப சம்மதப்படாதவ ஒருத்தி இருந்தான்னும் எழுதும்."

"அதுக்கு இதுல இடம் இல்லையே."

சாயங்காலம் எரித்துவிட்டு வந்தார்கள்.

நவம்பர் 6, வெள்ளி

அதற்கு இடம் இல்லையென்றால் நானே இடம் உண்டாக்கிக்கொள்கிறேன். ஒரு முழு வெள்ளைத் தாளில் எழுதினேன். வடிவம்மாளுக்கு வயிற்றுவலி இருந்ததில்லை. காலி அட்டைகள் ஒரே நாளில் காலியானவை அல்ல, நான் பிதுக்கிக் காலி செய்தவை. அவள் மாத்திரை போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கலாம். அந்த அறிக்கையில் நான் சம்மதப்படவில்லை. இப்படிக்கு ஆவுடையம்மாள், அறிவியல் ஆசிரியை (ஓய்வு). ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ரசீதும் வாங்கி வந்தேன். ரசீது எழுதிய பெண் போலீஸ் என் மாணவி. எழுந்து நின்று எழுதினாள்.

வீட்டு வாசலில் புஷ்பம் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எதுக்குப் பெரியம்ம இதெல்லாம்? நாந்தான் வயித்துவலின்னு சொன்னேன்."

"நீ ஏன் சொன்ன?"

"ஏட்டு கேட்டாரு. ஆமான்னேன். முடிஞ்சுபோச்சு. நீங்க ஏன் கிளறுதிய?"

"உங்கம்மா தானாச் செத்தான்னு நீ நம்புதியா?"

வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான். ஆனாலும் விடமாட்டேன். தன் அம்மா தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாள் என்று நினைத்துக்கொண்டே இந்தப் பெண் இன்னும் நாற்பது வருஷம் சேலை மடிக்க வேண்டுமா? ஒரு பொய்யான வயிற்றுக்காக?

(மேலே தேதி தவறு. 7 என்று இருக்க வேண்டும். காலண்டர் தாளைக் கிழிக்க யாரும் இல்லாததால் வந்தது.)

நவம்பர் 10, திங்கள்

பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வடிவின் பிரேதப் பரிசோதனையைச் செய்த டாக்டர் பெயர் ரெஹானா. முப்பத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்துப் போய் நின்றேன். எழுந்து நாற்காலி போட்டார்.

"உள்ளுறுப்பெல்லாம் சோதனைச் சாலைக்கு அனுப்பியிருக்கோம், அம்மா. ரிப்போர்ட் வர ரெண்டு மாசம்கூட ஆகலாம். வந்தா ரத்தத்துல என்ன மருந்து, எவ்வளவுன்னு சொல்லும். ஏன்னு சொல்லாது."

"லிட்மஸ் தாள் மாதிரி" என்றேன். "சிவப்பாச்சுன்னா அமிலம்னு சொல்லும். ஊத்தினது யாரு, தெரிஞ்சு ஊத்தினாங்களா, தண்ணின்னு நினைச்சு ஊத்தினாங்களான்னு சொல்லாது."

டாக்டர் சிரித்தார். "அதேதான். இன்னொண்ணும் இருக்கு. இந்த வயசுல, இப்படி இளைச்ச உடம்புல, ரெண்டு மருந்தும் சேர்ந்தா கொஞ்சம் கூடினாலே மூச்சு அடங்கிடும். வேணும்னு சாப்பிட்டவங்களையும் மறந்து சாப்பிட்டவங்களையும் மேஜைமேல கிடத்திப் பார்த்தா எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும்."

"அப்ப நீங்க என்ன எழுதுவீங்க?"

"எதனால இறந்தாங்கன்னு எழுதுவேன். எப்படி நேர்ந்ததுன்னு முடிவு பண்றது போலீஸ். என்கிட்ட கேட்டா தீர்மானிக்க முடியலைன்னு சொல்லுவேன். அப்படிச் சொல்ற டாக்டரை யாருக்கும் பிடிக்காதும்மா. ஒண்ணு இது, இல்லைன்னா அதுன்னு சொல்லணும். தெரியலைன்னா படிப்பு போதாதுன்னு நினைக்கிறாங்க."

"என் வகுப்புல தெரியலைன்னு சொன்ன பிள்ளையை நான் அடிச்சதே இல்ல. தெரிஞ்ச மாதிரி நடிச்சவனைத்தான் பெஞ்சு மேல ஏத்துவேன்."

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "இரைப்பையில புண்ணோ கட்டியோ ஒண்ணும் இல்லைன்னு அறிக்கையில எழுதியிருக்கேன். போலீஸ் வாசிச்சாங்கன்னா தெரியும்."

வாசிக்க வைக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இன்னும் மூன்று பாக்கெட் துவரம்பருப்பு. கடைக்காரர் கேட்காமலே பையில் போட்டுவிடுகிறார். ஆளை மாற்ற வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

வடிவின் பதினாறாம் நாள்.

போகாமல் இருப்பேனா? புஷ்பம் பேசாவிட்டாலும் போனேன். அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தோம். வடிவின் நாத்தனார், அவள் மகள், நான். நாத்தனாருக்கு நாக்கு நீளம். "வயித்துவலின்னா ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கப்படாதா? மகளும் வேலை வேலைன்னு ஓடிட்டா. யாரு பாத்தா அவள?" என்றாள். பார்த்தீர்களா ஏட்டையா, வயிறு வயிற்றோடு போகவில்லை.

நான் விட்டுக் கொடுக்கவில்லை. "வயித்துவலியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்தச் சம்படம் மட்டும் கழுவாம இருந்திருந்தா இந்நேரம் எல்லாம் தெளிவாகியிருக்கும். அதுல மாத்திரை மிச்சம் இருந்தா அவ சாகணும்னு திங்கலைன்னு அர்த்தம். யாரோ ஒரு புத்திகெட்டவ கழுவிக் கவுத்துட்டா."

நாத்தனாரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

புஷ்பம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியம்ம. நீங்கதான் கழுவுனிய."

"யாரு, நானா?"

"ஆஸ்பத்திரில இருந்து நான் திரும்பி வரும்போது நீங்கதான் குழாயடியில உக்காந்து சம்படத்தைத் தேச்சுக்கிட்டிருந்திய. நான் பாத்தேன். மாமாவும் பாத்தாவ."

எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது. யாரோ அடுப்பைக் குறைத்தார்கள்.

எனக்கு ஞாபகம் இல்லை. குழாயடி ஞாபகம் இருக்கிறது. தம்ளர் ஞாபகம் இருக்கிறது. சம்படம் இல்லை. திறந்தபோது உள்ளே ஏதாவது இருந்ததா, காலியா, தட்டிக் கொட்டினேனா? எதுவும் வரவில்லை. கரும்பலகையைத் துடைத்த மாதிரி இருக்கிறது. துடைத்ததே தெரியாத மாதிரி.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். நானே எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

பால் இரண்டு பாக்கெட். பால்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

புஷ்பம் வந்தாள். கையில் ரசம் கொண்டுவந்திருந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள். நான் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு ஓரத்திலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"பெரியம்ம, மறந்து போட்டிருக்கலாம்னு எழுதிக் குடுத்தியள்லா. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. சும்மா ஒரு ஊகம்."

"எனக்குத் தெரியும்." கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "கொஞ்ச நாளாவே கேட்டதையே கேப்பாவ. அன்னைக்கு ராத்திரி நான் கடையில இருந்து வந்து சாப்புட்டுக்கிட்டிருந்தேன். மாத்திரை போட்டேனாளான்னு கேட்டாவ. போட்டியன்னு சொன்னேன். திரும்பக் கேட்டாவ. சொன்னேன். மறுபடியும் வந்து கேக்காவ. ஆடித் தள்ளுபடி, தீபாவளின்னு நாலு மாசமா நின்னு நின்னு எனக்குக் கால் ரெண்டும் விட்டுப்போச்சு பெரியம்ம. தெரியாது, போடலைன்னா போட்டுத் தொலைங்கன்னு சொல்லிட்டேன்."

முறத்தை இறக்கி வைத்தேன்.

"அவங்களா வேணும்னு தின்னாவன்னா அது அவங்க முடிவு. மறந்து தின்னாவன்னா நான் சொல்லித் தின்னது. அதான் ஏட்டு வயித்துவலியான்னு கேட்டதும் ஆமான்னேன். வயித்துவலி எனக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லதுன்னு நெனச்சேன்."

இத்தனை நாள் நான் யாருக்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைத்தேனோ, அவள் தலையிலேயே கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்ன சொல்வது? எனக்கு உதாரணம் சொல்லித்தான் பழக்கம். "ஏளா, வகுப்புல ஒருத்தன் அம்பது தடவ ஒரே சந்தேகத்தைக் கேப்பான். நாற்பத்தொன்பது தடவ பொறுமையாச் சொல்லுவேன். அம்பதாவது தடவ, போலே அந்தப் பக்கம்னு விரட்டுவேன். அவன் பரீட்சையில தப்பு எழுதினா அது அந்த அம்பதாவது தடவையாலன்னு சொல்ல முடியுமா? அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சலா இருந்திருக்கலாம். பக்கத்துல உள்ளவனைப் பாத்து எழுதியிருக்கலாம். வேணும்னே தப்பா எழுதியிருக்கலாம். நீ சொன்ன பிறகு அவ போட்டாளா, நீ வர்றதுக்கு முன்னாலயே போட்டிருந்தாளா, சம்படத்துல கைவிட்டு எந்த வெள்ளையை எடுத்தா, யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அப்ப உனக்கும் தெரியாது. தெரியாததுக்குத் தண்டனை வாங்கிக்கிடாத."

அழுதாள். நல்லது. ரசத்தைச் சூடாக்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 14, ஞாயிறு

பெங்களூரிலிருந்து நாயகம் பேசினான். வடிவின் நாத்தனார் மகள் புஷ்பத்திடம் கேட்டு அவனுக்கு வாட்ஸ்அப்பில் எல்லாம் சொல்லியிருக்கிறாள். "அம்மா, அடுப்புல பால் பொங்கி அணைஞ்சு கேஸ் திறந்தே கிடந்துச்சாமே? ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" ஒரு தடவை நடந்தது. இரண்டு தடவை. "ஜனவரியில வந்து கூட்டிட்டுப் போறேன். வீட்டைப் பூட்டிரலாம்" என்றான்.

அவன் ஃப்ளாட் பன்னிரண்டாவது மாடியில். ஜன்னலுக்கு வலை போட்டிருக்கிறார்கள். புறாவுக்காகவாம்.

"எனக்கு ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். வடிவும் அவளுடைய டாக்டரிடம் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பாள். அவள் மருந்துச் சீட்டில் மறதி என்று ஒரு சொல் இல்லை. எனக்கும் இல்லை.

ஜனவரி 3, சனி

சோதனைச் சாலை அறிக்கை வந்துவிட்டதாம். இரண்டு மருந்தும் இருக்கின்றன. அளவு கூடுதல். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிடுகிறார். முடித்துவிடப் போகிறார்களாம்.

ஏட்டு நேரில் வந்து சொன்னார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "டீச்சர், யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்லுறதும் இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சம்படத்தைக் கழுவும்போது உள்ள மாத்திரை கெடந்துச்சுன்னு சொல்லிருங்க. விபத்துன்னு எழுதி முடிச்சிரலாம். நீங்க சொன்னா யாரும் மறுத்துப் பேசமாட்டாங்க."

எத்தனை சுலபம். இருந்தது, நாலைந்து கிடந்தது, ஈரமாகிவிட்டதென்று கொட்டிவிட்டேன் என்று சொன்னால் போதும். வயிற்றுவலியும் போகும். தற்கொலையும் போகும். எனக்கு ஞாபகம் பிசகவில்லை என்றும் ஆகும். நாயகம் வாயை மூடுவான். ஒரே கல்லில் எத்தனை காய்!

போன பிறகுதான் பார்த்தேன். மோரில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டிருந்தேன். பாவம், முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார்.

ஜனவரி 6, செவ்வாய்

ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், வெளியூர்க்காரர். நாயகம் நேற்றே வந்துவிட்டான். காரில் கூட்டிப் போனான். பக்கத்திலேயே உட்கார்ந்தான். புஷ்பம் சுவரோரமாக நின்றாள். ஏட்டு எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்தார்.

"உங்க மனுவை வாசிச்சேன் டீச்சர்" என்றார் இன்ஸ்பெக்டர். "மறந்து சாப்பிட்டிருக்கலாம்னு எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு மறதின்னு எந்த டாக்டரும் எழுதலையே?"

"எழுதமாட்டாங்க. யாரும் சொல்லமாட்டாங்க. சொன்னா வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்குவாங்க."

நாயகம் நெளிந்தான்.

"அந்தச் சம்படத்தை நீங்கதான் கழுவினீங்கன்னு ஏட்டு சொல்றார். அதுல மாத்திரை இருந்துச்சா?"

ஏட்டு என்னைப் பார்த்தார். புஷ்பமும் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை நான் தெரிந்தேதான் எழுதுகிறேன். இருந்தது என்று சொல்லிவிடுங்கள் பெரியம்ம என்று கெஞ்சியது அது.

"தெரியாது" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு மாசமா யோசிக்கிறேன்ம்மா. நான் கழுவுனதே எனக்கு ஞாபகம் இல்ல. இந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரியும். பாலை ரெண்டு பாக்கெட் சொல்லிட்டு பால்காரரைத் திட்டுதேன். பருப்பை நாலு தடவ வாங்கிட்டுக் கடைக்காரரைத் திட்டுதேன். பிரஷர் மாத்திரையைக் காலையிலயும் போட்டு மதியமும் போட்ட நாள் உண்டு. கேஸைத் திறந்து போட்டது ரெண்டு தடவ இல்ல, அதுக்கும் மேல. எனக்கு மறதி வந்துட்டு. இத என் மகன் முன்னால வச்சே சொல்லுதேன். ஏட்டையா, எழுதிக்கிடும்."

"அம்மா!" என்றான் நாயகம்.

"நீ சும்மா இரு. எனக்கு இன்னும் பேசணும்." இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். "எனக்கு மறதி இருக்குங்கதால அவளுக்கும் இருந்துச்சுன்னு ஆகாது. ஆனா இருந்திருந்தா வெளிய தெரிஞ்சிருக்கும்னு சொல்லாதிய. என்கிட்ட தெரிஞ்சுதா? நேத்து வரைக்கும் நான் ஊருக்குப் பெரிய புத்திசாலி."

"சரி, அப்ப மறதிதான். விபத்துன்னு எழுதிடலாமா?"

இங்கேதான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. சாகுறதுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்னால இட்லிக் கொப்பரையைக் கொண்டாந்து திருப்பிக் குடுத்தா. பல வருஷமாக் கேட்டும் தராதவ. உன் சாமான் உங்கிட்டயே இருக்கட்டும்னா. ஏன் குடுத்தான்னு எனக்குத் தெரியாது. வீட்டைச் சுத்தம் பண்ணியிருக்கலாம். இல்ல, வேற ஏதாவது நெனச்சிருக்கலாம். இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அந்தக் கொப்பரையைத் தொடவும் இல்ல."

புஷ்பம் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?"

"தெரியாதுங்கிற பக்கம். வயித்துவலின்னு எழுதினா அது பொய், ஏன்னா டாக்டரம்மா இரைப்பை நல்லாருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. நீங்க வாசிச்சுப் பாக்கணும். தற்கொலைன்னு எழுதினா அது ஊகம். விபத்துன்னு எழுதினா அதுவும் ஊகம், எனக்குப் பிடிச்ச ஊகம். மூணுல ஒண்ணுக்கு டிக் அடிக்கச் சொல்லி வந்த கேள்வித்தாள் இல்ல இது. ஒரு மனுஷியோட சாவு. தீர்மானிக்க முடியலைன்னு எழுதுங்க. அந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்க, அவங்களும் அதத்தான் சொல்லுவாங்க."

"இப்படி எழுதினா மேல இருந்து திருப்பி அனுப்புவாங்க."

"அனுப்பினா என்னைக் கூப்பிடுங்க, வாறேன். நான் மறந்துட்டேன்னா ஏட்டையாவை அனுப்புங்க."

ஏட்டு சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்து இரண்டாவது பக்கத்தை என் எதிரிலேயே வாசித்தார். விரலால் ஒரு வரியைத் தடவினார். அதன் பிறகு ஏட்டின் அறிக்கையை எடுத்து, "வயிற்றுவலி" வருகிற இடத்தில் நேர்கோடாக ஒரு அடி அடித்தார். அந்தக் கோட்டை எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பு மையில் இருந்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

வெளியே வந்ததும் புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொப்பரை விஷயத்தை ஏன் சொன்னிய?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். ஆனாலும் கையை விடவில்லை.

"பாதி வழிமுறை எழுதினா முழு மதிப்பெண் கேக்க முடியாதுல்லா" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள். "இப்ப எனக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல பெரியம்ம."

"ஆமா."

"முன்னாடி தெரியும்னு நெனச்சப்ப தூக்கமே வரல."

ஜனவரி 9, வெள்ளி

நாயகத்தோடு சண்டை. பெட்டியை அடுக்க ஆரம்பித்தான். நான் அடுக்கியதையெல்லாம் பிரித்தேன். "ஸ்டேஷன்லயே மறதின்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கம்மா. இன்னும் என்ன பிடிவாதம்?" என்றான்.

"எழுதிக் குடுத்ததாலதான்டா. இனிமே மறைக்க வேண்டிய வேலை இல்ல. மறைக்கதுலதான் பாதி பலம் போச்சு. டாக்டர்கிட்ட வாறேன், என்ன மருந்து குடுத்தாலும் சாப்பிடுதேன். கேஸ் தானா அணையற அடுப்பு இருக்காமே, வாங்கி வை. ஆனா இந்த வீட்டுச் சாவி என் இடுப்புலதான்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஏட்டையாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். வயித்துவலின்னு மட்டும் எழுதக் கூடாதுன்னு."

முறைத்தான். அவன் அப்பாவின் முறைப்பு. அப்புறம் அடுப்பு வாங்கக் கடைக்குப் போனான்.

ஜனவரி 18, ஞாயிறு

நாயகம் ஊருக்குப் போய்விட்டான். அறிக்கை "இறப்பின் தன்மை தீர்மானிக்க இயலவில்லை" என்று மேலே போயிருக்கிறதாம். இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் போவேன்.

கொப்பரையை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். இட்லி ஊற்றினேன். புஷ்பத்தின் வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தால் அவளே வேலிப் பக்கம் வந்து நின்றாள். இப்போது தினமும் கடைக்குப் போவதற்கு முன்னால் வருகிறாள்.

"பெரியம்ம, மாத்திரை போட்டாச்சா?"

போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்தேன். தம்ளர் ஈரமாக இருந்தது. ஆனால் அது காபி குடித்த ஈரமாகவும் இருக்கலாம்.

"தெரியாது" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"சரி, வாங்க. பாப்போம்."